மூன்றாம் இரவு

நீலகிரி மலையில் வாழும் நமக்குக் குளிரைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தை மாதத்து விடியற்காலையில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதையும், ஐப்பசி மழை நாள் கணக்கில் விடாது பெய்து லயத்துச் சுவர்களையெல்லாம் ஈரமாக்கிவிடுவதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்நாள்களில், "இந்தக் குளிருக்கு ஒரு வாய் போட்டால்தான் உடம்பு தாங்கும்" என்னும் பேச்சு நம் காதில் விழாமல் இருப்பதில்லை. உண்மையோ நேர்மாறானது. மது உள்ளே சென்றதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் உட்சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. சூடு ஏறியதுபோல் தோன்றுகிறதேயன்றி, உடல் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே போகிறது.

எனினும், குடியின் தீமையை விளக்குவதற்காக நாங்கள் எழுதப் புகவில்லை. அதனைப் பலரும் பலமுறை எழுதிவிட்டனர். நெடுநாள் குடித்த ஒருவர் குடியைத் திடீரென நிறுத்தும்போது நேரும் ஆபத்தைப் பற்றியும், அவ்வேளையில் குடும்பத்தார் சொல்லும் அல்லது சொல்லாமல் விடும் ஒரு வார்த்தையைப் பற்றியுமே எழுத விரும்புகிறோம். அந்த ஒரு வார்த்தையால் உயிர் பிழைத்தவரையும், அது சொல்லப்படாமையால் உயிர் போனவரையும் நாங்கள் எங்கள் கண்களாலேயே கண்டிருக்கிறோம்.

நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையே. எங்களில் ஒருவர் மருந்தாளுநர், மற்றவர் செவிலியர். தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் மருத்துவ வசதி செய்துதர வேண்டுமென 1951-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பயனாய் மலையெங்கும் எழுந்த சிறு மருத்துவமனைகளுள் ஒன்றில் எங்கள் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பன்னிரண்டு கட்டில்கள், ஒரு மருந்தறை, ஒரு பிரசவ அறை, வாரத்திற்கு இருமுறை வந்துபோகும் டாக்டர் - இவ்வளவுதான் அதன் பரப்பு. தொழிலாளர்களுக்கு எங்களில் ஒருவர் 'கம்பவுண்டர் ஐயா'; மற்றவர் 'நர்ஸம்மா'.

1984-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அடைமழை. கவாத்து வேலைக்குப் போயிருந்த ஒருவர் சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். வயது நாற்பதுக்குள் இருக்கும். வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நால்வர். உடன் வந்தவர்கள் அவருடைய மனைவி, தாயார், மைத்துனர், மேஸ்திரி, லயத்து அண்டை வீட்டார் என ஒரு கூட்டம். டாக்டர் வந்து மாவுக்கட்டுப் போட்டார். நோயாளியின் அட்டையை நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், வயது, முன்பு வந்த நோய்கள் ஆகியவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே, "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டோம்.

அவருடைய மனைவி ஒரு கணம் மாமியாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இல்லீங்கம்மா" என்றார். அட்டையில் 'இல்லை' என்று எழுதினோம்.

முதல் இரவு அமைதியாகக் கழிந்தது. மறுநாள் காலையில் காப்பி வாங்கும்போது அவர் கை நடுங்கிற்று. குளிரென்று எண்ணி இன்னொரு கம்பளி கொடுத்தோம். மாலையில் வியர்த்தது, நாடி விரைவாக ஓடிற்று. எலும்பு முறிந்தவருக்குக் காய்ச்சல் வருவது உண்டுதானே என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்தோம். இரண்டாம் இரவு அவர் உறங்கவேயில்லை. "வலி இருக்கும், பாவம்" என்று சொல்லிக்கொண்டோம். ஒவ்வோர் அறிகுறிக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் ஆயத்தமாக இருந்தது.

மூன்றாம் இரவு, பதினொரு மணிக்கு மேல், வார்டிலிருந்து கூச்சல் கேட்டு ஓடினோம். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இடக்கையால் எதையோ வளைத்துப் பிடித்து, வலக்கையால் சாய்வாக வெட்டி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். கையில் கத்தியில்லை, எதிரில் செடியுமில்லை. அவர் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்! இடையிடையே, "பாம்பு, பாம்பு" என்று போர்வையை உதறினார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலோடு கீழே இறங்கி ஓட முயன்றார். நான்குபேர் பிடித்தும் அடங்கவில்லை. உடல் நெருப்பாய்க் கொதித்தது.

அப்பொழுதுதான் தாழ்வாரத்தில் நின்றிருந்த அவருடைய மனைவி எங்களைத் தனியே அழைத்து, பத்து ஆண்டுகளாக அவர் குடிக்காத நாள் ஒன்றுகூட இல்லையென்றும், விடிந்ததும் கைநடுக்கம் தீரக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கே போவாரென்றும் சொன்னார். உடனே பங்களாவிலிருந்து தொலைபேசியில் டாக்டரை அழைத்தோம். அந்த மழையில் அவர் வந்து சேர மூன்று மணியாயிற்று. ஊசிமருந்து போட்டார், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு பணித்தார். தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினோம். வழியில் அவருக்கு வலிப்பு வந்தது. பொழுது புலருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள்கள் கழித்து அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "முதல் நாளே ஏன் சொல்லாமல் விட்டாய், அம்மா?" என்று மெல்லக் கேட்டோம். அவர் எங்களைக் குற்றம் சாட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் நிக்கிறப்ப கேட்டீங்க. அவங்க அம்மாவும் மேஸ்திரியும் பக்கத்துல இருக்காங்க. நான் எப்படிங்கம்மா சொல்லுவேன்?" என்றார்.

நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றும் விடையில்லை. பொய் சொன்னவர் அவரல்லர். உண்மை சொல்ல இயலாத இடத்தில் நிறுத்தி அவரைக் கேட்டவர்கள் நாங்கள்.

அந்த மனிதருக்கு நேர்ந்தது என்ன என்பதை வாசக அன்பர்களுக்கு எங்களால் இயன்றவரை எளிமையாகச் சொல்கிறோம். பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் லாரியை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இருக்கிறார். ஆயினும் வண்டி நிற்காமல் ஓட வேண்டியிருப்பதால் மறுகாலால் எரிபொருள் மிதியையும் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மது நம் நரம்பு மண்டலத்துக்குப் பிரேக்கைப் போன்றது. அதன் ஓட்டத்தை மந்தப்படுத்துவது. நாள்தோறும் மது வந்துகொண்டேயிருக்குமானால், மூளை அதற்கு ஈடாகத் தன் விசையைக் கூட்டிக்கொண்டு சமநிலையைக் காக்கிறது. ஒருநாள் மது திடீரென நின்றுவிட்டால் பிரேக் விடுபடுகிறது. ஆனால் மறுகால் அழுத்தியபடியே இருக்கிறது. வண்டி கட்டுக்கடங்காமல் பாய்கிறது. கைநடுக்கம், வியர்வை, விரைந்த நாடி, உறக்கமின்மை, வலிப்பு, சன்னி ஆகிய யாவும் அந்தப் பாய்ச்சலின் அடையாளங்களே.

அதற்குப் பெரும்பாலும் ஒரு காலக்கணக்கும் உண்டு. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். ஒருநாள் ஆகுமுன் சிலருக்கு இல்லாத உருவமும் ஒலியும் தோன்றலாம். பெரும்பாலும் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை வரக்கூடியதே மிகக் கொடியது. 1813-ஆம் ஆண்டில் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று பெயரிட்டார். நாம் நடுக்கச் சன்னி எனலாம். அச்சன்னியில் சிலர் தம் அன்றாடத் தொழிலையே வெறுங்கையால் செய்துகொண்டிருப்பர் என்பதை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகவே குறித்து வைத்துள்ளன. தையற்காரர் தைப்பார், ஓட்டுநர் வண்டி ஓட்டுவார். எங்கள் மனிதர் கவாத்து வெட்டினார்.

குடி மிகுந்ததால் சன்னி வருகிறதா, குடியை நிறுத்தியதால் வருகிறதா என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் வாதிட்டது. 1955-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாமாக முன்வந்த கைதிகளுக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் தந்து, வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பின்பு திடீரென நிறுத்திப் பார்த்தனர். நிறுத்திய பின்னரே சிலருக்கு வலிப்பும் சிலருக்குச் சன்னியும் வந்தன. இன்று அத்தகைய சோதனைக்கு எவரும் இசைவு தரமாட்டார்கள். எனினும் உணவுக் குறையன்று, மதுவின் திடீர் நிறுத்தமே காரணம் என்பது அதனால் ஐயமின்றித் தெளிவாயிற்று.

குடிக்கும் எல்லாருக்கும் இது நேர்வதில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும், விடிந்ததும் நடுக்கம் தீரக் குடிப்பவர்களுக்கும், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ கண்டவர்களுக்குமே ஆபத்து அதிகம். கவனிக்க வேண்டியது யாதெனில், இவர்களுள் பலர் குடியை விடுவதற்காக மருத்துவமனைக்கு வருவதில்லை. எலும்பு முறிவு, நிமோனியா, அறுவை சிகிச்சை, இரத்த வாந்தி என வேறொரு காரணத்திற்காக வருகிறார்கள். கட்டிலில் படுத்த அந்த நிமிடத்திலிருந்து, யாரும் எண்ணாமலேயே, அவர்களுடைய குடி நின்றுபோகிறது. கணக்கு ஓடத் தொடங்குகிறது. அக்கணக்கு எப்போது தொடங்கியது என்பதை வீட்டார் சொன்னாலன்றி மருத்துவர் அறிவது எங்ஙனம்?

1984-க்குப் பின் எங்கள் சிறிய மருத்துவமனையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். உள்நோயாளியாக யார் வந்தாலும், உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியே பேசுவோம். பிறகு மருந்தறைக்கு மனைவியையோ தாயையோ தனியே அழைத்துப் பேசுவோம். "குடிப்பாரா?" என்று கேட்பதை அறவே விட்டுவிட்டோம். அக்கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார்? கடைசியாகக் குடித்தது எப்போது? நிறுத்தினால் கை நடுங்குமா? முன்பு வலிப்பு வந்ததுண்டா?" என்றே கேட்டோம். "இது அவரைத் திட்டுவதற்காக அன்று, மருந்து கணக்கிடுவதற்காக" என்றும் சேர்த்துச் சொன்னோம். சொல்லத் தயங்கியவர்கள் மிகச் சிலரே. பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் எவரிடமும் சொல்லாததை அந்த மருந்தறையில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

அவ்வழக்கம் ஒரு தவக்காலத்தில் ஓர் உயிரைக் காத்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பிரிவில் வேலை செய்தவர், திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றுக்கொண்டு, உயிர்ப்புத் திருநாள் வரை மதுவைத் தொடுவதில்லையென்று பீடத்தின் முன் வாக்களித்தார். டப்ளின் நகரத் தொழிலாளியான மேட் டால்பட்டைப் பற்றிய மறையுரை அவர் உள்ளத்தைத் தொட்டிருந்தது. இளமை முதல் குடியில் மூழ்கியிருந்த டால்பட், 1884-இல் தமது இருபத்தெட்டாம் வயதில் குடிப்பதில்லையென உறுதிமொழி எடுத்து, 1925-இல் இறக்கும் வரை அதைக் காத்தவர். 1975-இல் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டவர். நம் நண்பரும் தம் வாக்கைக் காத்தார். வியாழக்கிழமை மாலை தொழிற்சாலையில் வலிப்பு வந்து விழுந்தார்.

அவருடைய மனைவி மருந்தறையில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னதால் அன்றே சிகிச்சை தொடங்கிற்று; சன்னி முற்றாமல் காக்கப்பட்டது. தெளிந்தபின் அவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது: "ஐயா, நான் நல்ல மனதோடுதானே நிறுத்தினேன்? என் வாக்கைக் கடவுள் ஏற்றுக்கொள்ளவில்லையோ?" எங்கள் பங்குத்தந்தை அப்போது அருகில் இருந்தார். "வாக்கில் பழுதில்லை, தம்பி. காலொடிந்தவன் வேளாங்கண்ணிக்கு நடந்துபோக நேர்ந்துகொண்டால், முதலில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். வைத்தியரிடம் போவது வாக்கை மீறுவதாகாது" என்றார். அடுத்த ஆண்டு முதல் அவர் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு அறிவிப்பிலேயே, குடியை விட நினைப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு விடுமாறு சொல்லலானார்.

ஒரு மனிதருக்கு நேர்வது ஒரு மாநிலத்துக்கே நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை 2020-இல் கண்டோம். கொரோனாத் தொற்றினால் மார்ச் 24-ஆம் நாள் மாலை தமிழகத்தின் மதுக்கடைகள் அடைக்கப்பட்டன. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. கடையடைப்பு நல்லதே எனப் பல வீடுகளில் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அதே வேளையில் ஆயிரமாயிரம் பேருடைய கணக்கு ஒரே மாலையில் ஓடத் தொடங்கியது. அண்டை மாநிலமான கேரளத்தில் மது கிடைக்காத துயரில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். மருத்துவரின் சீட்டுக்கு மது வழங்கலாமென அம்மாநில அரசு ஆணையிட, மருத்துவர்கள் அதை எதிர்க்க, ஏப்ரல் 2-இல் உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. ஊரடங்குக்குப் பின் கடுமையான விலகல் நோயோடு வந்தவர்கள் மிகுந்ததைப் பெங்களூரு மருத்துவர்கள் அவ்வாண்டே ஆய்விதழில் பதிவு செய்தனர்.

நாங்கள் அப்போது ஓய்வுபெற்றுக் குன்னூரில் குடியிருந்தோம். மார்ச் 27, வெள்ளிக்கிழமை. இரவு பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அடுத்த தெருவில் வசிக்கும் இளம்பெண். கணவர் கோத்தகிரிப் பக்கமிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிச்செல்லும் லாரி ஓட்டுநர். முகமன் கூறாமல், வாசலில் நின்றபடியே அப்பெண் சொன்னார்: "அம்மா, இவரு தினம் ரெண்டு குவார்ட்டர் குடிப்பாரு. கடைசியா குடிச்சது செவ்வாய்க்கிழமை சாயந்திரம். ரெண்டு நாளா தூக்கமில்ல. இப்ப சுவத்துல எறும்பு ஊருதுன்னு துடைச்சிக்கிட்டே இருக்காரு. கோயில்ல பெண்கள் கூட்டத்துல நீங்க சொன்னீங்களே, அந்தக் கணக்கு இதுதானேம்மா?"

செவ்வாய் மாலை முதல் வெள்ளி இரவு வரை. மூன்றாம் இரவு!

180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அவர் நாள்தோறும் அருந்தியது அதைப்போல் இருமடங்கு. உடனே 108 ஆம்புலன்சை அழைத்தோம். அது வரும் வரை வீட்டு விளக்குகளை எரியவிட்டு, அவருடைய தாயாரை அருகில் அமர்த்தி, "டேய், நான் உன் அம்மாடா, நீ வீட்டுலதான் இருக்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கச் செய்தோம். அரசு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த இளம் டாக்டர் கேட்கும் முன்னரே அப்பெண் அளவையும் நாளையும் மணியையும் சொன்னார். டாக்டர் ஒரு கணம் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சில நிமிடங்களில் ஊசிமருந்து உள்ளே சென்றது. ஆறாம் நாள் அவர் தம் காலால் நடந்து வீடு திரும்பினார்.

இன்று மருத்துவமனைகளில் இதற்குச் செய்யப்படும் சிகிச்சை தெளிவானது. மதுவின் இடத்தில் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை நிறுத்தி, அதைப் பின்பு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். குளோர்டையாசிபாக்சைடு, டையாசிபாம் ஆகியவை அத்தகைய மருந்துகள். கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு லோராசிபாம் தருவதுண்டு. எங்கள் லாரி உவமையில் சொன்னால், அறுந்துபோன பிரேக்குக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தி, மறுகாலைச் சிறிது சிறிதாக எடுக்கச் செய்கிறார்கள். நோயாளியின் நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி, தெளிவு முதலிய பத்துக் குறிகளுக்கு மதிப்பெண் இட்டு மருந்தின் அளவை முடிவு செய்யும் முறை 1989 முதல் வழக்கில் உள்ளது.

இன்னொரு மருந்தும் உண்டு. சோற்றைக் குறைத்துச் சாராயத்தைப் பெருக்கியவர்களின் உடலில் தயாமின் எனப்படும் பி-1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் எஞ்சியிருக்கும் சிறிதளவும் செலவாகி, கண் அசைவும் நடையும் நினைவும் கெடும் மூளைநோய் தோன்றக்கூடும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோய் அது. ஆகவே தயாமின் ஊசியைத் தாமதிக்காமல், குளுக்கோசுக்கு முன்போ அதனோடு சேர்த்தோ கொடுத்துவிடுகிறார்கள். இவற்றோடு நீர்ச்சத்து, உப்புச்சத்துகளின் கவனிப்பு, காய்ச்சலுக்கு வேறு காரணம் உண்டா என்ற ஆராய்வு, வெளிச்சமான அறை, பழகிய முகம் ஆகியவையும் சேரும்போது பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். முறையான மருந்தில்லாத பழைய நாள்களில் நடுக்கச் சன்னி கண்டவர்களில் மூவருக்கு ஒருவர் வரை இறந்ததுண்டு. தக்க சிகிச்சை பெறுவோரில் இன்று அது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு.

இத்தனையும் இருந்தும், முதல் நாளே உண்மை தெரிந்தால்தான் இவை உரிய நேரத்தில் பயன்படும். ஆகவே குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டில் நாள்தோறும் குடிப்பவர் எக்காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், மருத்துவரையோ செவிலியரையோ தனியே அழைத்து, எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது என்னும் மூன்றையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் திடீரென நிறுத்தி நடுக்கமோ குழப்பமோ கண்டால், அறையில் பூட்டி வைக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், "கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று நீங்களாகவே வைத்தியமும் செய்யாதீர்கள். காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப்போய் ஒரு நாளை இழந்துவிடாதீர்கள். அந்த ஒரு நாளே உயிருக்கு விலையாகலாம்.

சன்னி தெளிந்ததோடு குடிநோய் தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு திறந்திருக்கிறது, அவ்வளவே. நாங்கள் சொன்ன லாரி ஓட்டுநர், அவ்வாண்டு மே மாதம் கடைகள் மீண்டும் திறந்தபோது தவறினார். சில மாதங்கள் கழித்து இரண்டாம் முறை நிறுத்த விரும்பியபோது, தாமாகவே முதலில் மருத்துவமனைக்குச் சென்றார். ஒவ்வொரு முறை திடீரென நிறுத்தும்போதும் விலகல் நோய் முன்னிலும் கடுமையாகக்கூடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இப்பொழுது வாரந்தோறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய்வருகிறார். 1935-இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்த இயக்கம் அது.

குடிநோயை நோயென்று வெளிப்படையாகச் சொல்ல நம் தமிழகத்தில் துணிந்தவர்களுள் சாந்தி ரங்கநாதன் அம்மையாரை நன்றியோடு நினைக்கிறோம். செல்வமும் புகழும் மிக்க குடும்பத்தைச் சேர்ந்த அவர், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை மூடி மறைக்காமல், கணவர் பெயராலேயே 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வாய்திறந்து சொன்னதனால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது.

எங்கள் கவாத்துக்காரரின் மனைவியும் அவரைப்போல் சொல்ல வல்லவரே. அவருக்குத் துணிவு குறைவாயிருக்கவில்லை. சொல்வதற்கு ஓர் இடந்தான் இல்லாமற்போயிற்று. பின்னாளில் அவர் கொழுந்து பறித்தே இரு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். எங்களைக் காணும்போதெல்லாம் புன்னகையோடு நலம் விசாரித்தார். அந்தப் புன்னகைக்கு நாங்கள் தகுதியுடையவர்களா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே நடப்போம்.

ஊர் அறிந்ததை உறவுக்குப் பயந்து மறைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். மருத்துவமனை வாசல் வரையிலாவது அவ்வழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். கேட்கும் நிலையில் இருப்பவர்களோ கூட்டத்தை விலக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேளுங்கள். நாங்கள் அன்று செய்யத் தவறியது அவ்வளவுதான்.